இறையிலியும் முதியோர் வீட்டு வரியும்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

திருவிழா மேடையில் வீட்டு வரியைப் பற்றி உரையாற்றுவது பொருந்துமா என்னும் ஐயம் அவையில் சிலர்க்கு எழக்கூடும். ஜினாலயக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு அவ்வையம் எழாது. தத்துவத்தைக் கல்லில் தேடிச் செல்வோர் அங்கே பெரும்பாலும் காண்பது நிலத்தின் எல்லையும், நெல்லின் அளவும், காசின் தொகையும், தள்ளப்பட்ட வரியின் பெயரும்தான். பள்ளிச்சந்தம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம். அது பெரும்பாலும் இறையிலியாக விடப்பட்ட நிலம். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்துக்கு, விஜயநகர அரசின் அமைச்சரான இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தி அவ்வாலயக் கல்வெட்டிலேயே உள்ளது. அங்குள்ள சங்கீத மண்டபமும் அவர் எழுப்பியதே.

இறையிலி என்றவுடன் வரி மறைந்துபோயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அக்காலத்து ஊரவையார் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நிலத்தை இறையிலி ஆக்க விரும்பியவர், ஒரு தொகையை முதலாக ஊரவையிடம் ஒப்படைப்பதுண்டு. அத்தொகைக்கு இறைத்திரவியம் என்று பெயர். ஊரவை அம்முதலைப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்கு உரிய இறையைத் தானே ஏற்று இறுக்க உடன்படும். ஆக, வரி எங்கும் போய்விடவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கி இன்னொருவர் தோளில் ஏறியது. யார் ஏற்றார், எதைக் கொண்டு ஏற்றார் என்பது கல்லில் எழுதப்பட்டது. இன்றைய வரிச் சலுகை அறிவிப்புகளில் காணப்படாத நேர்மை இது. முதியோர்க்கு வீட்டு வரியில் சலுகை வேண்டும் என்று கேட்கும்போது, அச்சுமையை யார் ஏற்பது என்னும் வினாவையும் உடன் கேட்டாக வேண்டும்.

இனி இன்றைய நிலை. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி நெடுங்காலம் உயர்த்தப்படாமல் கிடந்தது. சென்னையில் 1998இலும், மற்ற நகராட்சி மாநகராட்சிகளில் 2008இலும் பொதுச் சீராய்வு நடந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் பெரும் உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75 விழுக்காடு, 1,800 வரை 100 விழுக்காடு, அதற்கு மேல் 150 விழுக்காடு. 2011இல் சென்னையோடு இணைக்கப்பட்ட பகுதிகளிலும் பிற நகரங்களிலும் முறையே 25, 50, 75, 100 விழுக்காடு. அதன்பின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தும் முறையும் சட்டத்தில் இடம்பெற்று, 2024இல் 6 விழுக்காடு கூட்டப்பட்டது.

இவ்வுயர்வுக்கு ஆட்சியாளரின் கொடுமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது, முறையன்று. உள்ளாட்சிகளுக்கு மானியம் பெற வேண்டுமாயின் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குப்பை அகற்றல் ஆகிய யாவும் இவ்வரியை நம்பியே நடைபெறுகின்றன. பத்தாண்டு, இருபதாண்டு உயர்த்தாமல் விட்டு ஒரே நாளில் உயர்த்தியதுதான் பிழை. ஆண்டுக்கு ஆண்டு சிறிது உயர்ந்திருந்தால் எவரும் உணர்ந்திருக்க மாட்டார். தேக்கி வைத்து ஏற்றியதால், அந்த இருபதாண்டில் பணி ஓய்வு பெற்று, துணையை இழந்து, வருவாய் சுருங்கியோர் தலையில் அது மொத்தமாக இறங்கிற்று.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1980களில் பிழைப்பை நாடிச் சென்னைக்கு வந்த குடும்பம் அது. கணவர் தனியார் தொழிற்சாலையில் எழுத்தர். ஆலந்தூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கி, வைப்புநிதியில் கடன் பெற்று, கீழும் மேலுமாக 1,500 சதுர அடியில் வீடு கட்டினார். அக்காலத்தில் அப்பகுதி சென்னை மாநகராட்சியில் சேராத தனி நகராட்சி. கணவர் மறைந்தார், மகன் பெங்களூரில், மகள் வேறொரு நாட்டில். எழுபத்தைந்து வயது மூதாட்டி அவ்வீட்டில் தனித்து வாழ்கிறார். அரையாண்டுக்கு 2,000 ரூபாயாக இருந்த வரி 75 விழுக்காடு உயர்ந்து 3,500 ஆகிறது. அதன்மேல் 6 விழுக்காடு ஏற 3,710 ஆகிறது. ஆண்டுக்கு 7,420 ரூபாய். குடிநீர், கழிவுநீர் வரி தனி. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் 2014இல் உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அம்மூதாட்டிக்கு வருவது அதுவே எனில் ஆண்டுக்கு 12,000. அதில் பத்தில் ஆறு பங்கு வீட்டு வரிக்கே போகிறது. மகன் அனுப்புகிறான் என்பது உண்மைதான். ஆனால் சொந்த வீட்டில் இருப்பதற்கே மகனிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்னும் எண்ணம், தொகையைவிடப் பெரிது.

வரி அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் செல்வர். பல இலட்சம் பெறுமானமுள்ள மனைக்கு உரியவர். அரிசிக்கடைப் பதிவேட்டில் அவர் யார் என்பது வேறு கதை. வீடு உண்டு, பணம் இல்லை என்னும் இந்நிலைதான் முதியோர் வீட்டு வரிச் சிக்கலின் வேர். வருமான வரி வருவாயைப் பார்க்கிறது; வருவாய் இல்லையேல் வரியும் இல்லை. சொத்து வரி சுவரைப் பார்க்கிறது. சுவர் முதுமை அடைவதில்லை என்று அது கருதுகிறது போலும்.

இதில் பலர் கவனிக்காத முரண் ஒன்றும் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், தாம் செலுத்திய சொத்து வரியை வருமான வரிக் கணக்கில் வாடகை வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அதற்கு இடம் அளித்தது. வாடகையிலும் அதைச் சேர்த்து வாங்கிவிடலாம். தம் வீட்டில் தாமே குடியிருக்கும் முதியவர்க்கு இவ்விரு வழியும் இல்லை. வீட்டால் வருவாய் ஈட்டுவோர்க்கு ஆறுதல். வீட்டில் வெறுமனே வாழ்வோர்க்கு இல்லை.

'அத்துணைப் பெரிய வீடு எதற்கு? விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகலாமே' என்று கூறுவோர் உளர். பொருளாதார நூலோர்க்கு அது நேரிய விடையாகத் தோன்றும். தமிழ்ச் சமணக் குடும்பத்து மூதாட்டி ஒருவரின் ஒரு நாளைப் பார்த்தவர் அவ்வாறு கூறமாட்டார். பொழுது சாய்வதற்குள் உணவை முடிப்பவர். நீரை வடிகட்டிப் பருகுபவர். கிழங்கு வகையை அடுக்களையில் சேர்க்காதவர். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பிருப்பவர். கால் நடமாடும்வரை ஜினாலயம் சென்று வருபவர். இரவு எட்டு மணிக்கு உருளைக்கிழங்குக் கூட்டோடு சப்பாத்தி பரிமாறும் இல்லத்தில் அவர் எவ்வாறு வாழ்வார்? எழுபதாண்டு காத்த விரதங்களை எண்பதாவது வயதில் கைவிடும்படி அவரைக் கேட்பதற்கு நிகர் அது. அவர்க்கு வீடு என்பது ஒழுக்கம் வாழும் இடம். வரிச்சுமையால் அவ்வீடு கைநழுவினால் இழப்பு மனையோடு நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் முதுமைக்கென்று சொத்து வரியில் தனிச் சலுகை இல்லை. உரிய காலத்தின் முதல் 30 நாளுக்குள் செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். இது முதியவர்க்கும் இளையவர்க்கும் பொது. தவணை தவறினால் மாதம் 1 விழுக்காடு வட்டி; அதுவும் பொது. சமணர்க்கு 2014 ஜனவரியில் நாடு முழுவதும் சிறுபான்மையினர் என்னும் தகுதி வழங்கப்பட்டதே, அதனால் ஏதேனும் கிடைக்குமா என்று வினவுவோர்க்கு விடை: வீட்டு வரியில் எதுவும் கிடைக்காது. ஆலயத்துக்கு விலக்கு உண்டு. ஆலயத்துக்கு நாள்தோறும் பூ எடுத்துச் செல்பவரின் வீட்டுக்கு இல்லை.

தில்லியில் நிலைமை வேறு. அங்குள்ள மாநகராட்சி, மூத்த குடிமக்களுக்கும் மகளிர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சொத்து வரியில் 30 விழுக்காடு தள்ளுபடி அளிக்கிறது. தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டும். அதிலும் 200 சதுர மீட்டர் பரப்பு வரைக்கும் மட்டும். நிபந்தனைகள் தெளிவானவை. மும்பை வேறொரு வழியைக் கண்டது: 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 2022 முதல் சொத்து வரியே இல்லை. வயதை நோக்காமல் வீட்டின் சிறுமையை நோக்கிய சலுகை அது. கேரளத்தில் 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளுக்கு 2023இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே, இந்தியாவில் இது செய்ய இயலாதது என்று எவரும் கூற இயலாது.

அமெரிக்க நாட்டுச் செய்தியைச் சற்று விரித்துரைப்பது தகும். இச்சிக்கலில் அறுபதாண்டுப் பட்டறிவு அங்கு உள்ளது. அங்கு நேர்ந்த பிழைகளும் பாடமாகும். 1970களில் கலிபோர்னியாவில் வீட்டு விலை ஏறிற்று. விலையை ஒட்டி வரியும் ஏறிற்று. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை வரி கட்ட முடியாமல் விற்க நேரும் என்று அஞ்சினர். ஹோவர்டு ஜார்விஸ் என்பவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, 1978 ஜூன் 6இல் '13ஆவது முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. வீட்டு வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. வீடு கைமாறும்போதுதான் புதிய மதிப்பு. முதியோர் மூச்சு விட்டனர். ஆனால் அச்சட்டம் முதுமையை எங்கும் குறிப்பிடவில்லை. முதியவரின் பெயரால் கொண்டுவரப்பட்ட சலுகை, வாங்கி நெடுநாளான எல்லாச் சொத்துக்கும், வணிக நிறுவனங்களின் கட்டடங்களுக்கும்கூடக் கிடைத்தது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஓராண்டில் பாதிக்கு மேல் சரிந்தது. ஒரே தெருவில் ஒரே அளவு வீடு; பழையவர்க்கு ஒரு வரி, நேற்று வாங்கிய இளங்குடும்பத்துக்குப் பன்மடங்கு வரி. உலகப் பெருஞ்செல்வரான வாரன் பஃபெட் 2003இல் இதை வெளிப்படையாகச் சுட்டினார். கலிபோர்னியாவில் 40 இலட்சம் டாலர் மதிப்புள்ள தம் வீட்டுக்கு வரி 2,300 டாலருக்கும் குறைவு. ஒமாகா நகரில் 5 இலட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வரி 14,000 டாலருக்கும் மேல் என்றார். ஏழை மூதாட்டிக்கென்று வெட்டப்பட்ட வாய்க்காலில் யார் வயலுக்கு நீர் பாய்ந்தது என்பதை அவரே காட்டிவிட்டார்.

விஸ்கான்சின் மாநிலம் 1964இலேயே நுட்பமான வழியைக் கண்டது. மின்சுமை மிகுந்தால் இணைப்பைத் துண்டித்து வீட்டைக் காக்கும் கருவியின் பெயரையே அதற்கு இட்டனர். முதியவரின் வருவாயில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் வீட்டு வரி போகுமாயின், மிகுதியை மாநில அரசு திருப்பித் தரும். செல்வ முதியவர்க்கு இதனால் பயனில்லை; எளிய முதியவர்க்கு உண்டு. நகராட்சிக்கு இழப்பும் இல்லை. மாநிலம் ஈடு செய்கிறது. ஊரவை இறைத்திரவியம் பெற்று இறை ஏற்ற முறையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

டெக்சாசில் 65 வயதை எட்டியவரின் வீட்டுக்குப் பள்ளி வரி அவ்வாண்டுத் தொகையிலேயே நிறுத்தப்படும். வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினாலன்றி ஏறாது. ஓரிகன் மாநிலத்தில் 1963 முதல் ஒத்திவைப்பு முறை உண்டு. 62 வயது கடந்த, குறைந்த வருவாயினரின் வரியை மாநிலமே உள்ளாட்சிக்குச் செலுத்திவிடும். அத்தொகை வீட்டின் மீது கடனாக ஏறும். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. முதியவர் மறைந்தபின், அல்லது வீடு விற்கப்படும்போது, கடன் தீர்க்கப்படும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதிலிருந்தே இத்தகைய வசதி உண்டு. ஓரிகனில் 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப்பின் அந்நிதி வறண்டு, 2011இல் தகுதி விதிகளைக் கடுமையாக்க நேர்ந்தது. நம்பியிருந்த முதியோர் பலர் நடுவழியில் விடப்பட்டனர். நிதியின் ஊற்று எது என்று உறுதி செய்யாமல் சலுகையைத் தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பது நன்று.

இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது தில்லியின் வரம்பும் விஸ்கான்சினின் அளவுகோலும் சேர்ந்த வழியே எனத் தோன்றுகிறது. ஒரே வீடு, தாமே குடியிருப்பது, பரப்புக்கு வரம்பு, வருவாய்க்கு வரம்பு ஆகிய நான்கும் பொருந்தினால் தள்ளுபடி. அதனால் நகராட்சிக்கு ஏற்படும் குறைவை மாநில நிதி ஈடு செய்தல். வரம்பில்லாத சலுகையைக் கேட்பது வாக்குக்கு உதவலாம், அறத்துக்கு உதவாது. ஒத்திவைப்பும் கருத்தில் கொள்ளத்தக்கதே. ஆயினும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டின் மீது கடன் என்னும் சொல்லே அச்சம் தருவது. 2007ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மறு அடமானத் திட்டம் இதற்குச் சான்று. 60 வயது கடந்தோர் வீட்டை வங்கியில் ஈடு வைத்து மாதந்தோறும் தொகை பெற்று, வாழ்நாள் முழுதும் அவ்வீட்டிலேயே இருக்கலாம். நல்ல திட்டமே, நாடியோர் மிகச் சிலர். பிள்ளைகளுக்குக் கடன் வைத்துப் போவதா என்னும் எண்ணம் பெற்றோரை விடுவதில்லை. பிள்ளைகளே முன்வந்து 'வையுங்கள்' என்றால் ஒழிய அது நடவாது.

சலுகை கேட்பதற்கு முன் சிராவக ஒழுக்கம் இதுபற்றி என்ன கூறுகிறது என்பதை நோக்குதல் வேண்டும். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் அவற்றுள் ஒன்றாக 'விருத்த ராஜ்யாதிக்கிரமம்' என்பதை வைத்தார். அரசின் நெறியை மீறிப் பொருள் கொள்ளுதல் என்பது அதன் கருத்து. வரி ஏய்ப்பும் அதனுள் அடங்கும் என்று உரை கூறுவர். கள்ள நிறை, கலப்படம், திருட்டுப் பொருளை வாங்குதல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அது நிற்கிறது. வரியைக் குறைக்கும்படி அரசிடம் வேண்டுவது கள்ளாமைக்கு மாறன்று. வேண்டிப் பெற்ற குறைவை நேர்மையின்றிப் பயன்படுத்துவது மாறு. மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு முழுவீட்டிலும் தாமே இருப்பதாகக் கூறுவதும், 600 சதுர அடியை மூன்று முறை கட்டிவிட்டுப் பழைய அளவிலேயே வரி இறுப்பதும், முதியோர்க்குச் சலுகை வந்தால் அதற்காகவே தந்தையின் பெயரைப் பதிவில் நிறுத்தி வைப்பதும் வீட்டுக்கு வீடு காணப்படும் செயல்களே. பரிக்கிரகத்துக்கு வரம்பு கட்டிக்கொள்ளும் சமூகத்தில் இவை நிகழலாகாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு வீடு உடைய முதியவர், சலுகை கிடைப்பினும் ஒரு வீட்டுக்கே அதைப் பெறுதல் சிராவகர்க்கு அழகு.

இதனோடு ஒட்டிய மற்றொரு செய்தி. வரித் தொல்லையிலிருந்து விடுபடலாம் என்று எண்ணி, வீட்டை உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோர் பெருகி வருகின்றனர். அன்பினால் செய்வது; பின்னர் அல்லலுறுவதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. அந்நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருப்பதே பாதுகாப்பு. 'பெற்ற மகனிடம் நிபந்தனையா' என்று கூசி அதை விட்டுவிடுதல் கூடாது. எழுதும் வரி ஒன்று. பின்னர் அது இல்லாமையால் ஏறி இறங்கும் படிகள் பல.

சிற்றூர்களில் வாழும் முதியோர் நிலை வேறு. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வீட்டு வரி சிறு தொகையே. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி அது ஊராட்சிக்கு உரியது. தொகை சிறிதாகையால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நான்கைந்து ஆண்டு கட்டாமலே விட்டுவிடுவர். இடர் அங்கேதான் உள்ளது. நத்தத்தில் அமைந்த பழைய வீட்டுக்குப் பத்திரம் இல்லாதிருக்கலாம். பாட்டனார் பெயரிலேயே எல்லாம் நிற்கலாம். அந்நிலையில் ஆண்டுதோறும் பெற்ற வீட்டு வரி ரசீதே கையிலுள்ள காகிதம். ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் பலமுறை கூறிய செய்தி; ஆயினும் அனுபோகத்துக்கு அது சான்று. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் அது வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டை வேறொருவர் நாடி வரும் நாளில், சில நூறு ரூபாய் ரசீதுகள்தாம் மூதாட்டிக்குத் துணை. ஊராட்சி வரிகளை இணையவழியே செலுத்தும் வசதி இன்று உள்ளது. பெங்களூரிலோ அயல்நாட்டிலோ இருக்கும் பேரன் ஐந்து நிமிடத்தில் கட்டி, ரசீதை அச்சிட்டு அஞ்சலில் பாட்டிக்கு அனுப்பலாம். கைப்பேசியில் படமாக அனுப்பினால் போதாதோ என்பார்கள், போதாது. பாட்டி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

அரசு செய்வது செய்யட்டும். அறக்கட்டளை செய்யத்தக்கது என்ன என்பதே இவ்வவைக்கு நேரிய வினா. முதலாவது, ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஜினாலய வளாகத்தில் ஞாயிறு காலைகளில் ஒரு மேசை, ஒரு கணினி, கல்லூரி மாணவர் இருவர். முதியோர் கொண்டுவரும் பழைய ரசீதிலிருந்து வரி எண்ணைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தால், 5 விழுக்காடு ஊக்கத்தொகையும் தவறாது. அலுவலக வரிசையும் இல்லை. 3,710 ரூபாய்க்கு 185 ரூபாய் மிச்சம். சிறு தொகை என்று இளையோர் நகைக்கலாம். மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்க்கு அது ஐந்தாறு நாள் வருவாய். அம்மேசையிலேயே வீட்டின் அளவும் பதிவேட்டு அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். கூடுதலாகப் பதிந்திருந்தால் எழுத்து மூலம் முறையிடலாம். குறைவாகப் பதிந்திருந்தால் அதையும் தெரிவித்தலே நெறி. பின்னதைச் செய்ய மேசையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்குச் சற்றுத் துணிவு வேண்டும்.

இரண்டாவது, இறைத்திரவியம் போன்றதொரு முதல். திருவிழாக் காலத்தில் பூசைக்கும் அன்னதானத்துக்கும் கொடையளிப்போர் ஆண்டுதோறும் உளர். அவர்களுள் சிலர் தம் பெற்றோர் நினைவாக ஒரு தொகையை நிலை வைப்பாக வைத்தால், அதன் வட்டியிலிருந்து வருவாயற்ற முதியோர் சிலரின் வீட்டு வரியை ஆண்டுதோறும் இறுக்கலாம். பெறுவோர் பெயரை மலரில் அச்சிடுவதோ மேடையில் அழைப்பதோ கூடாது. கொடுப்போர் பெயரை அச்சிடலாம். அதிலும் சிலர் வேண்டாம் என்பர். யார்க்கு இறுப்பது என்பதை முடிவு செய்ய மூவர் போதும். அவர்களுள் ஒருவரேனும் தாய்மார்களுள் ஒருவராதல் வேண்டும். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதை ஆடவர் குழு கண்டறிந்ததாக வரலாறு இல்லை.

மூன்றாவது, விண்ணப்பம். மூத்த குடிமக்கள் தாமே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு, பரப்பு வரம்போடும் வருவாய் வரம்போடும் தள்ளுபடி வேண்டும் என்று நகராட்சி நிருவாகத் துறைக்கு முறையான மனு அனுப்பலாம். சமணர்க்கு மட்டும் என்று கேட்பது பிழை. எல்லா முதியோர்க்கும் என்றே கேட்டல் வேண்டும். தில்லியின் 30 விழுக்காட்டு விதியை மனுவோடு இணைத்தால் அலுவலர்க்கு எளிது. மனுவைத் தமிழில், இரு பக்கத்துக்கு மிகாமல், கணக்கோடு எழுத வேண்டும். விழா முடிந்து செல்லும் வழியில், வாயிலுக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும் மேசையில் அதன் வரைவு உள்ளது. படித்துப் பார்த்துத் திருத்தம் கூற விரும்புவோர் ஓரத்தில் எழுதலாம், உடன்படுவோர் கையொப்பமிடலாம். கையொப்பமிட இயலாத முதியோர்க்கு மை ஒற்றும் பெட்டியும் அங்கேயே உண்டு.